நாற்பத்தொன்றாம் எண் மனை

அக்டோபர் 14, செவ்வாய்

காலை ஏழு ஐம்பதுக்கு எங்கள் வேலவன் நகரின் பின்பக்கம் ஒரு பயிற்சி விமானம் விழுந்தது. எல்லாரும் விழுந்தது என்றுதான் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை அது விழவில்லை, இறங்கியது. இறங்கிக் கொஞ்ச தூரம் ஓடிய பிறகு கல் குவியலில் மோதிச் சாய்ந்தது.

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மேற்கே ஒன்றரை கிலோமீட்டரில் விமானப் பயிற்சிப் பள்ளியின் ஓடுதளம். ஆறரை மணியிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பி எங்கள் தலைக்கு மேலே வந்து திரும்பும். ஒன்பது வருடப் பழக்கத்தில் அந்தச் சத்தம் காதில் ஏறுவதே இல்லை. இன்று அது இரண்டு முறை இருமியது. அப்புறம் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், சத்தமே இல்லாமல் நேராக எங்கள் தெருவை நோக்கி வந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு தலை தெரிந்தது. ஜெகநாதன் அண்ணன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை ஒட்டினாற்போலத் தாண்டி, இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே வாய்க்கால் வரைக்கும் நீளும் காலி இடத்தில் இறங்கியது.

நான் போய்ச் சேர்ந்தபோது பத்துப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் வாயில் பீடி. பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கிறது, அவர் பாட்டுக்குப் பற்றவைக்கப் பார்க்கிறார். கையில் ஒன்று போட்டேன், தீப்பெட்டி வாய்க்காலில் போய் விழுந்தது.

உள்ளே இருந்தது ஒரு பெண். இருபது வயதுதான் இருக்கும். இடது முழங்காலுக்குக் கீழே கால் வேறு திசையில் திரும்பியிருந்தது. அந்த வலியில் அவள் கேட்ட முதல் கேள்வி, "கீழ யாருக்காச்சும் அடிபட்டுருச்சா?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல கண்ணு. உன்ற பேரென்ன?"

"நஸ்ரின்."

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து எடுத்துக் கொடுப்பவள்தான், கட்டுப்போடுவது என் வேலை இல்லை. ஆனாலும் பதினேழு வருடம் பார்த்த பார்வை இருக்கிறதே. குவியலுக்குப் பின்னால் கிடந்த ரீப்பர் கட்டை இரண்டை எடுத்து, என் துப்பட்டாவைக் கிழித்துக் காலை அசையாமல் கட்டினேன். நூற்றியெட்டு வண்டி எட்டே காலுக்கு வந்தது.

அந்தக் காலி இடத்தின் கோடியில், வாய்க்கால் பாலத்துப் பக்கம்தான் பள்ளிக்கூட வேன் வந்து நிற்கும். எட்டு மணிக்குப் பதினொரு பிள்ளைகள் அங்கே நிற்பார்கள். என் மகள் தர்ஷனா அப்போது வீட்டில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 15, புதன்

தர்ஷனா வேன் ஏற மாட்டேன் என்றாள். ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். மாவு புளித்துவிட்டது.

அக்டோபர் 17, வெள்ளி

நகர் நலச்சங்கக் கூட்டம், பிள்ளையார் கோவில் முன்னால். இத்தனை வருடத்தில் இவ்வளவு பேர் வந்து பார்த்ததில்லை. தலைவர் ஜெகநாதன் அண்ணன் மின்வாரியத்தில் போர்மேனாக இருப்பவர், சுருக்கமாகப் பேசத் தெரியாது. இன்று சுருக்கமாகப் பேசினார்.

"என்ற வீட்டுத் தொட்டிக்கும் அந்த றெக்கைக்கும் ஒரு ஆள் உயரம்கூட இல்லீங்க. அந்தப் பிளேன் பள்ளிக்கூடத்தை மூடணும். அவ்வளவுதான்."

செயலாளர் என்ற முறையில் மனு எழுதும் வேலை எனக்கு. பறப்பதை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறார்களாம். அது போதாது, நிரந்தரமாக வேறு இடத்துக்குப் போக வேண்டும் என்று எழுத வேண்டும். எழுதினேன். கோபத்தோடுதான் எழுதினேன். பதினொரு பிள்ளைகள் என்ற வரியின் கீழே கோடு போட்டேன்.

வீட்டுக்காரர் டூட்டி முடிந்து வந்து படித்துப் பார்த்தார். அவர் அரசுப் பேருந்து ஓட்டுநர். எதையும் இரண்டு முறை படிப்பார்.

"அந்த எடத்தைப் பத்தி ரொம்ப எழுதாத சுகந்தி. 'பின்புறம் உள்ள திறந்தவெளி'ன்னு போட்டா போதும்."

அப்படியே போட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தெருவில் யாரும் ராக்கெட் விடவில்லை. யாரும் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை, யாருக்கும் தோன்றவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

மாவட்ட மருந்துக் கிடங்குக்குப் போக வேண்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி வழியில்தான். அதனால் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அதிரசம் நாலு மிச்சமிருந்தது, அதையும் எடுத்துக்கொண்டேன்.

நஸ்ரினின் அம்மா கீழக்கரையிலிருந்து வந்து கூடவே இருக்கிறார். பெயர் ரஹ்மத். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் கட்டுப்போட்டு விட்டீங்களாமே. அந்தக் கட்டைய டாக்டரே நல்லாப் போட்டிருக்குன்னு சொன்னாரு. ஒங்களுக்காக நான் துஆ கேக்காத நாள் இல்ல."

காலில் தகடு வைத்துத் திருகியிருக்கிறார்கள். நடக்க மூன்று மாதம் ஆகுமாம். மறுபடி பறப்பது மருத்துவப் பரிசோதனையைப் பொறுத்ததாம். நஸ்ரினுக்கு அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை. ஆனால் அன்று என்ன நடந்தது என்று கேட்டதும் என் மருந்துப் பட்டியலின் பின்பக்கத்தை வாங்கிப் படம் போட்டாள்.

"நானூறு அடியில எஞ்சின் நின்னு போச்சுக்கா. அவ்வளவு கம்மி உயரத்துல ஓடுதளத்துக்குத் திரும்பப் பாக்கக் கூடாது. திரும்பினா வேகம் போயிரும், குத்திட்டு விழுந்துரும். நேரா முன்னால எங்க எடம் இருக்குன்னுதான் பாக்கணும். இந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் வீடு. நடுவுல இது ஒண்ணுதான் காலியா இருந்துச்சு. மேலேருந்து பாத்தா ஒரு பாய் விரிச்ச மாதிரி."

"பயமா இல்லியா?"

"அப்ப இல்ல. சாவியை அணைக்கணும், பெட்ரோலை அடைக்கணும், கதவைத் திறந்து வைக்கணும், அதெல்லாம் இருந்துச்சு. சக்கரம் தரையில பட்டதும் தப்பிச்சோம்னு நெனச்சேன். அப்பத்தான் அந்தக் கல்லு."

ரஹ்மத் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எந்தப் பாவி கொண்டாந்து போட்டானோ."

கிடங்கு மூடிவிடும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். மூன்றரைதான் ஆகியிருந்தது.

அக்டோபர் 29, புதன்

விசாரணை அதிகாரிகள் இரண்டு பேர் வந்து காலி இடத்தை டேப் பிடித்து அளந்தார்கள். சக்கரத் தடம் நூற்றிப்பத்து மீட்டர், அதன் முடிவில் கல் குவியல். குவியலையும் படம் எடுத்தார்கள். யாருடையது என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்களாம். தெரியாது என்றார்களாம்.

வீட்டுக்காரருக்கு இன்று வார விடுமுறை. வேறொருவருக்குப் பதிலாக டூட்டிக்குப் போய்விட்டார்.

நவம்பர் 2, ஞாயிறு

மூன்று நாளாக விடாத மழை. காயாத துணிக்கு ஃபேன் போட்டு, ஃபேனுக்கடியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

இத்தனை நாள் இந்த டைரியில்கூட எழுதாமல் இருந்துவிட்டேன். அந்தக் கல் எங்களுடையது.

வேலவன் நகர் மனை போட்டபோது, இந்த வீட்டு மனையோடு பின்னால் நாற்பத்தொன்றாம் எண்ணையும் வாங்கினோம். புரோக்கர் காட்டிய வரைபடத்தில் அங்கே வரிசையாகப் பதினைந்து மனைகள் இருந்தன. பிறகு ஊராட்சி அலுவலகத்தில் அசல் வரைபடத்தைப் பார்த்தேன். விமானப் பாதைக்குக் கீழே இருப்பதால் கட்டடம் கூடாது, திறந்தவெளி என்று பச்சை மையில் போட்டிருந்தது. ஓடுதளம் எங்களுக்கு முப்பது வருடம் முந்தியது. நாங்கள்தான் அதன் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறோம். இது சங்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆறு வருடமாகத் தெரியும்.

ஆனாலும் ஆகஸ்டில் ஒரு லோடு அஸ்திவாரக் கல்லும் ரீப்பரும் இறக்கினோம். யாரும் கேட்க மாட்டார்கள், தை பிறந்தால் கட்ட ஆரம்பிக்கலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். நானும் சரி என்றேன். கீழே ஒரு சின்ன உணவகம், மேலே இரண்டு அறை. பணி ஓய்வுக்குப் பிறகு சொந்தமாக ஒரு மெஸ் நடத்த வேண்டும் என்பது அவருடைய ஆசை. டபுள் டூட்டி பார்த்துப் பார்த்து வாங்கிய இடம்.

இன்று மத்தியானம் மெதுவாகப் பேச்செடுத்தேன்.

"அது நம்ம கல்லுன்னு சொல்லிரலாமுங்க."

"யார்கிட்ட?"

"அந்த அதிகாரிக கிட்ட."

"எஞ்சின் நின்னதுக்கு நம்ம கல்லா காரணம்?" என்றார். சோற்றில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

அவர் கேட்டதும் நியாயம்தான். எஞ்சின் நின்றதற்குக் கல் காரணமில்லை. கால் உடைந்ததற்குக் கல்தான் காரணம்.

நவம்பர் 11, செவ்வாய்

சார் ஆட்சியர் அலுவலகத்தில் முதல் பேச்சுவார்த்தை. சங்கத்திலிருந்து எட்டுப் பேர் போனோம். பயிற்சிப் பள்ளி சார்பில் தலைமைப் பயிற்சியாளர் கேப்டன் சேதுமாதவன் வந்திருந்தார். மீசையெல்லாம் இல்லை, வங்கிக் காசாளர் மாதிரி இருந்தார்.

மனுவை நான்தான் வாசித்தேன். பிள்ளைகளைப் பற்றிய வரி வந்தபோது சார் ஆட்சியர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

கேப்டன் எழுந்து, "நீங்க பயப்படறதுல தப்பே இல்ல, எனக்கும் பிள்ளைக இருக்கு" என்று ஆரம்பித்தார். அப்புறம் ஒன்று கேட்டார். "அந்தப் பொண்ணு சொல்லிக் கொடுத்த மாதிரியே இறங்கியிருக்கு. அந்தக் குவியல் இல்லைன்னா எறங்கி நடந்தே போயிருக்கும். கட்டடம் கூடாத எடத்துல அதைக் கொண்டாந்து போட்டது யாருங்க?"

ஜெகநாதன் அண்ணன், "அது எங்களுக்குத் தெரியாதுங்க, நீங்க பேச்சை மாத்தாதீங்க" என்றார்.

மனுவின் இரண்டாம் பக்கத்தை ஒழுங்காக மடித்துக்கொண்டிருந்தேன். நான்கு மடிப்பு மடித்தேன்.

அடுத்த கூட்டம் இருபத்தைந்தாம் தேதி.

நவம்பர் 12, புதன்

காய்ச்சல் சீசன். நூற்று நாற்பது சீட்டு.

நவம்பர் 16, ஞாயிறு

நஸ்ரினை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். அம்மாவும் மகளும் பயிற்சிப் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை ஊருக்குப் போக அவளுக்கு மனமில்லை. பத்து மணிக்குப் போனேன். ரஹ்மத் அம்மா மீன் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அதுவும் நல்லதாகப் போயிற்று.

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"நஸ்ரின், அந்தக் கல்லு எங்களுது. நாங்கதான் கட்டடம் கட்ட இறக்கினோம். கட்டக் கூடாத எடம்னு தெரிஞ்சுதான் இறக்கினோம்."

அவள் நெடுநேரம் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுக்கு மேலே யாரோ நீல மையில் ஒரு சின்ன விமானம் வரைந்திருந்தார்கள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"அதிரசம் கொண்டாந்தீங்களே அன்னைக்கி."

"ஆமா."

"உம்மாகிட்டச் சொல்லாதீங்க. நானே நேரம் பாத்துச் சொல்லிக்கிறேன்." குரல் கடுமையாகத்தான் இருந்தது. பிறகு, "இப்ப அந்தக் கல்லு எங்க இருக்கு?" என்றாள்.

"அங்கயேதான்."

"இன்னும் எடுக்கலையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எடுத்துருங்கக்கா. எப்படியும் ஒரு நாள் திரும்பப் பறக்க விடுவாங்க. வேற யாருக்காச்சும் அந்த எடம் தேவைப்படலாம்."

வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பச் சாவியைத் தேடினேன். கையிலேயே இருந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

அரை நாள் விடுப்பு. மத்தியானம் இரண்டு மணிக்குக் காலி இடத்துக்குப் போனேன். டிராக்டர்காரரிடம் கேட்டிருந்தேன், வியாழனுக்கு முன்னால் முடியாது என்றுவிட்டார். வியாழன்வரை காத்திருக்கலாம்தான். என்னால் முடியவில்லை. ஒவ்வொரு கல்லாகத் தூக்கி வாய்க்கால் கரைக்குக் கொண்டுபோய் அடுக்க ஆரம்பித்தேன். இருபது கல்லுக்கே கை தோலுரிந்துவிட்டது.

எதிர் வரிசைக் கோமதி அவள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாள். இந்தக் காலி மனைகளில் முப்பத்தெட்டாம் எண் அவளுடையது. பார்த்துவிட்டுத் திரையை இழுத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். டூட்டி காக்கியோடு நின்றார். யார் போய்ச் சொன்னார்களோ. எவ்வளவு நேரம் அப்படியே நின்றார் என்று தெரியாது. நான் நிமிரவில்லை.

"கேக்காம பண்றியே."

"கேட்டனே."

குவியலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இப்பிடிக் குனிஞ்சு தூக்குனா இடுப்பு போயிரும். உக்காந்து தூக்கு" என்றார். சட்டையைக் கழற்றி ரீப்பர்மேல் போட்டார். பெரிய கற்களை எல்லாம் அவரே எடுத்தார். ஆறு மணிக்கு இருட்டியபோது குவியலில் பாதி கரைக்குப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்து என் கைக்கு அவர் மஞ்சள் பத்துப் போட்டார். நான் மருந்துக் களிம்பு வைத்திருக்கிறேன் என்று சொல்லவில்லை.

நவம்பர் 20, வியாழன்

டிராக்டர் வந்தது. மீதி முடிந்தது.

நவம்பர் 25, செவ்வாய்

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

சங்கத்துக்காரர்கள் ஒரு பக்கம், பள்ளிக்காரர்கள் ஒரு பக்கம். நஸ்ரினும் ஊன்றுகோலோடு வந்திருந்தாள். வீட்டுக்காரர் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார், ஏன் என்று சொல்லவில்லை. சார் ஆட்சியர் அம்மா முதலிலேயே, "போன தடவை ஒரு கேள்வி பாக்கி நின்னுச்சு. கல்லு யாரோடது?" என்றார்.

நான் எழுந்திருக்க நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அதற்குள் பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"என்றதுங்க."

வீட்டுக்காரர் எழுந்து நின்றார். பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போதுகூட வேர்க்காதவர், நெற்றியெல்லாம் வேர்வை. "என் பேர் தனபாலுங்க. நாப்பத்தொண்ணாம் நம்பர் எங்களுது. கட்டக் கூடாதுன்னு தெரிஞ்சுதான் கல்லு இறக்குனேன். நான் டிரைவருங்க. ரோட்டுல ஒருத்தன் கல்லை வெச்சிருந்தா எறங்கிச் சண்டைக்குப் போறவன். இந்தப் பொண்ணு என் கல்லுல மோதித்தான் கால் ஒடிஞ்சு கெடக்குது." நஸ்ரினைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

"எங்களுதுங்க," என்றேன் நான். "மனு எழுதுனது நான். அதையும் சேர்த்து எழுதியிருக்கணும். எழுதலை."

ஜெகநாதன் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "காரியத்தையே கெடுத்துட்டியே சுகந்தி" என்றார், சத்தமாகவே.

அப்போது கேப்டன் சேதுமாதவன் எழுந்தார். இதுதான் சமயம் என்று பிடித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் கையிலிருந்த கோப்பைத் திறக்கவே இல்லை.

"அவங்க சொன்னதுக்கப்புறம் நான் சும்மா உக்கார முடியாதுங்க. அறிக்கை வர இன்னும் நாளிருக்கு. ஆனா காரணம் எங்களுக்குத் தெரியும். றெக்கையில இருக்கிற பெட்ரோல் தொட்டியோட மூடியில ரப்பர் வளையம் தேஞ்சு போயிருந்துச்சு. முந்தின நாள் மழைத் தண்ணி உள்ள எறங்கிருச்சு. நஸ்ரின் காலையில வழக்கம்போல பெட்ரோலைக் கொஞ்சம் வடிச்சு, தண்ணி கலந்திருக்கான்னு பாத்துச்சு, தெளிவாத்தான் வந்துச்சு. தண்ணி தொட்டிக்குள்ள ஒரு மடிப்புல தங்கி நின்னு, மூக்கைத் தூக்கி ஏறும்போது எஞ்சினுக்குப் போயிருக்கு. வளையத்தை மாத்தணும்னு மெக்கானிக் எழுதிக் குடுத்து அப்பவே ரெண்டு வாரம் ஆகியிருந்துச்சு. அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்னு கையெழுத்துப் போட்டது நான்."

நஸ்ரின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது இன்றுதான் தெரிகிறது என்று முகத்திலேயே தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் ஒழுங்கான பேச்சு நடந்தது. இரண்டு மணி நேரம். யாரும் யாரையும் திட்டவில்லை, வரைபடத்தை மேசைமேல் விரித்துவைத்துப் பேசினோம். நஸ்ரினே ஊன்றுகோலால் காட்டினாள்: "வடக்க திரும்பாம தெக்க திரும்பினா முழுக்க ஏரிதான். வீடே வராது." இத்தனை வருடம் ஏன் வடக்கே திரும்பினார்கள் என்று சார் ஆட்சியர் அம்மா கேட்டார். "முன்னாடி அங்க வீடு இல்லீங்க. அப்படியே பழகிட்டோம்" என்றார் கேப்டன்.

கடைசியில் முடிவானவை இவை. காற்று அனுமதிக்கும் நாளெல்லாம் எங்களுக்கு எதிர்ப்பக்கமாக மேற்கே கிளம்ப வேண்டும். கிழக்கே கிளம்பித்தான் ஆக வேண்டும் என்றால் பயிற்சியாளர் கூட இருக்க வேண்டும், மாணவர் தனியாகக் கூடாது. வேன் வந்து நிற்கும் இடத்தைக் கோவிலுக்கு மாற்ற வேண்டும். பதினைந்து மனைக்காரர்களும் சம்மதித்தால் அந்த இடத்தை ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்து, என்றைக்கும் திறந்தவெளியாக வைக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் நடக்குமா என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். பாதி வழியில், "மெஸ்ஸை வாடகைக் கட்டடத்துலயும் நடத்தலாம்" என்றார்.

டிசம்பர் 3, புதன்

செயலாளர் பொறுப்பிலிருந்து விலகிக் கடிதம் கொடுத்தேன். ஜெகநாதன் அண்ணன் வாங்கிக்கொண்டார். காபி கொடுக்கவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

கோமதி சுகாதார நிலையத்துக்கே வந்தாள். சீட்டு இல்லாமல் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் ஜன்னலுக்குள் குனிந்து, "முப்பத்தெட்டுக்கு நான் கையெழுத்துப் போடறேன். என்ற பையனும் அந்த வேன்லதானே போறான்" என்றாள். அப்புறம் சளிக்கு மாத்திரை கேட்டாள். சளி இருந்த மாதிரி தெரியவில்லை. கொடுத்தேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

இடத்தை எழுதிக் கொடுக்கச் சம்மதித்தவர்கள் ஒன்பது பேர் ஆகிவிட்டார்கள். கேப்டன் வீடு வீடாக வருகிறார், வாசலிலேயே நின்று பேசுகிறார். இன்று ஜெகநாதன் அண்ணன் வீட்டில் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்ததைப் பார்த்தேன். முக்கால் மணி நேரம். பிறகு இரண்டு பேரும் மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரி 7, புதன்

நஸ்ரின் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாள். ரஹ்மத் அம்மா போன் செய்தார். நஸ்ரின் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். நான் போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"பாவின்னு சொல்லிட்டேன் அன்னைக்கி, ஒங்க முன்னாடியே," என்றார்.

"சொன்னது சரிதாங்க."

"சரியோ தப்போ. மனசு ஆற நாளாகும் எனக்கு. ஆனா கட்டுப்போட்டதும் நீங்கதானே. ரெண்டையும் வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?" அப்புறம், "ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க. அவரையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஜனவரி 11, ஞாயிறு

போனோம். நெய்ச்சோறு, மீன் ஆணம் (குழம்பை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்). வீட்டுக்காரர் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மெஸ்ஸுக்காகச் செய்முறையையும் கேட்டுக்கொண்டார். ரஹ்மத் அம்மா ஒன்றை மட்டும் சொல்லாமல் மறைக்கிறார் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஜனவரி 22, வியாழன்

சார்பதிவாளர் அலுவலகம். பதினான்கு பேர் எழுதிக் கொடுத்தோம். பதினைந்தாவது மனைக்காரர் துபாயில் இருக்கிறார், மார்ச்சில் வந்து போடுகிறேன் என்று தூதரகம் வழியாகக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஜெகநாதன் அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். "நீ விலகறேன்னு குடுத்த கடுதாசியை நான் இன்னும் யார்கிட்டயும் காட்டலை" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

விரலில் மை இன்னும் போகவில்லை. மனசு லேசாக இருக்கிறது என்று எழுத ஆசை. கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது. அந்த மெஸ்ஸுக்கு ஜன்னல் எங்கே வைப்பது என்றுகூடப் பேசி வைத்திருந்தோம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பறப்பது மறுபடி ஆரம்பித்துவிட்டது. எல்லா விமானத்துக்கும் மூடி வளையம் மாற்றியதற்கான தாளைக் கேப்டன் சங்கத்தில் கொண்டுவந்து காட்டினார். யாரும் கேட்கவில்லை, அவராகவே கொண்டுவந்தார்.

இன்று காலை புது மாணவர்கள் பன்னிரண்டு பேரைக் காலி இடத்துக்கு நடத்திக் கூட்டிவந்தார்கள். மேலிருந்து பார்ப்பதை ஒருமுறை கீழிருந்து பார்க்கட்டும் என்று நஸ்ரின் சொன்ன யோசனையாம். கோடிவரை நடந்தார்கள். முள்ளும் கண்ணாடித் துண்டும் பொறுக்கினார்கள். தர்ஷனா போய் ஒரு பெண்ணிடம் ஏதோ கேட்டுவிட்டு வந்து, "அம்மா, அவங்களுக்குக் கணக்கு வராதாம், ஆனா பைலட் ஆகப் போறாங்க" என்றாள். நான் அதை நம்பவில்லை என்றேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

நஸ்ரின் மருத்துவப் பரிசோதனையில் போன வாரமே தேறிவிட்டாள். இரண்டு நாள் கேப்டன் கூடவே உட்கார்ந்து பறந்தார். இன்று காலை பத்து மணிக்குத் தனியாக என்று நேற்றே செய்தி அனுப்பியிருந்தாள். போய்ப் பார்க்க ஆசைதான், ஆனால் செவ்வாய்க்கிழமை சர்க்கரை நோயாளிகள் நாள். வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

பத்தே காலுக்குச் சத்தம் கேட்டது. மேற்கே கிளம்பி, தெற்கே ஏரிப்பக்கம் சுற்றி வருகிறது. சுகாதார நிலையத்திலிருந்து தூரம்தான், ஆனாலும் கேட்டது. என் கையில் மாத்திரைப் பட்டை. எதிரே ஜன்னலில் மாராக்கவுண்டர், எண்பது வயது இருக்கும், பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இறங்குவதற்காக எஞ்சின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. இறங்கும்போது அப்படித்தான் குறையும் என்று நஸ்ரின் சொல்லித்தான் இருக்கிறாள். இருந்தும் என் கை நின்றுவிட்டது.

"என்னாச்சுங்க அம்மிணி?"

"அந்தப் பிளேனுங்க. நமக்குத் தெரிஞ்ச பொண்ணு ஓட்டுது."

அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். "அது பாட்டுக்குப் போயிட்டு வரட்டுமுங்க. நீங்க என்ற மாத்திரையைக் குடுங்க."

காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று கத்தரித்துக் கொடுத்தேன். அடுத்த சீட்டை நீட்டினார்கள். அதை வாங்கும்போது மேற்கிலிருந்து சத்தம் மறுபடி எழும்பியது. இரண்டாவது சுற்றுக்குக் கிளம்பிவிட்டாள்.